லேசரில் பேர் வெட்ட ஒரு கோடு போதும்: ஒற்றைக்கோட்டுத் தமிழ் எழுத்துரு

எங்கள் வீட்டில் ஒரு எவர்சில்வர் சொம்பு இருக்கிறது. அம்மாவின் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து சீர்வரிசையோடு வந்தது. கழுத்துக்குக் கீழே அம்மாவின் பெயரையும் தேதியையும் வெட்டியிருக்கிறார்கள். பாத்திரக்கடையில் பேர் வெட்டுகிறவரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சின்ன உளியை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி, நகர்த்திக்கொண்டே போவார். உளி போன வழிதான் எழுத்து. அந்த எழுத்துக்குத் தடிமன் என்று தனியாக எதுவும் இல்லை. உளியின் முனை எவ்வளவு அகலமோ அவ்வளவுதான்.

லேசர் பழகவரும் நண்பர்கள் ஒற்றைக்கோட்டு எழுத்துரு என்றால் என்ன என்று கேட்டால், நான் இந்தச் சொம்பிலிருந்துதான் ஆரம்பிப்பேன். லேசரும் ஓர் உளிதான். அதற்குப் போக வேண்டிய வழியைச் சொன்னால் போதும். எழுத்து எழுத்தாக அந்த வழியை மட்டும் வைத்திருப்பதுதான் ஒற்றைக்கோட்டு எழுத்துரு.

ஆனால் நம் கணினியிலும் கைப்பேசியிலும் இருக்கும் எழுத்துருக்கள் வழியைச் சொல்வதில்லை, எல்லையைச் சொல்கின்றன. வேலி போட்ட நிலம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். 'ட' என்ற எழுத்தை எழுத்துருக் கோப்பு ஒரு மூடிய வேலியாக வைத்திருக்கிறது. திரையோ அச்சு இயந்திரமோ வேலிக்கு உள்ளே இருக்கும் இடத்தை மையால் நிரப்பிக் காட்டுகிறது. லேசரிடம் அதே கோப்பைக் கொடுத்து 'கோட்டின்மேல் போ' என்றால், அது வேலியைச் சுற்றி வரும். நமக்குக் கிடைப்பது நடுவில் காலியாக இருக்கும் 'ட'. ஒரு கோடு வர வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

போன ஏப்ரலில், சிங்கப்பூரின் தமிழ்மொழி விழாவை ஒட்டி எங்கள் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்கு 40 மரச் சாவிக்கொத்து அட்டைகள் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளின் பெயர் தமிழில் வர வேண்டும், எழுத்தின் உயரம் 6 மி.மீ. வழக்கமான எழுத்துருவில் பெயர்களை அடுக்கி, கோட்டு முறையில் ஓட்டினேன். ட, ப, ர எல்லாம் கூடுகளாக வந்தன, அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ண வந்த இடங்களில்தான் மனசு உடைந்துபோனது. மூன்று சுழியும் ஒவ்வொன்றும் இரண்டாகி, கோடுகளுக்கு இடையில் மரமே மிச்சமில்லாமல் கருகி, ஒரு பிள்ளையின் பெயரின் நடுவில் கரும்புள்ளி மட்டும் இருந்தது. அந்தப் பலகை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிட்டேன்.

நிரப்பு முறையில் ஓட்டலாமே என்று கேட்பீர்கள். ஓட்டலாம், அழகாகவும் வரும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 50 மி.மீ. நீளம், 8 மி.மீ. உயரமுள்ள ஒரு பெயர். நிரப்பும்போது லேசர் தறியில் ஓடும் நாடா மாதிரி இடமும் வலமும் போய்வரும். வரிக்கு வரி 0.1 மி.மீ. இடைவெளி என்றால் 80 தடவை ஓட வேண்டும். 80 முறை 50 மி.மீ. என்றால் 4 மீட்டர். ஒவ்வொரு ஓரத்திலும் வேகம் குறைந்து திரும்பும் நேரம் தனி. அதே பெயரை ஒற்றைக்கோட்டில் எழுதினால், எழுத்துக்குச் சுமார் 30 மி.மீ. என்று வைத்தாலும் எட்டு எழுத்துக்கு 240 மி.மீ. கால் மீட்டர்கூட இல்லை. கோட்டில் போகும்போது வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டியிருக்கும் என்பது உண்மைதான். அப்படிப் பார்த்தாலும் நேரம் நன்றாகவே மிச்சமாகும்.

சிங்கப்பூரில் இந்த மிச்சம் முக்கியம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் லேசர் வைத்து ஓட்டும்படி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். புகை நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போகும், பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கண்ணுக்கும் ஆபத்து. பொதுப் பட்டறையில் நேரம் பதிவு செய்துகொண்டுதான் பலரும் வேலை செய்கிறோம். ஒரு மணி நேரத்தில் 40 பெயர் முடிகிறதா, பத்துப் பெயர் முடிகிறதா என்பது பெரிய வித்தியாசம்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது

ஒற்றைக்கோட்டு எழுத்துருவுக்கு வயது அரை நூற்றாண்டுக்கு மேல். அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுக்கூடம் ஒன்று வர்ஜீனியாவில் டால்கிரன் என்ற ஊரில் இருந்தது. அங்கே வேலை பார்த்த ஆலன் ஹெர்ஷி என்ற அறிவியலாளர் 1967இல் ஓர் எழுத்துத் தொகுப்பை வெளியிட்டார். அப்போதைய கருவி படக்குழாயில் மின்கற்றையை ஓட்டிக் கோடு வரையும். கற்றை எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குப் போக வேண்டும் என்பதைத்தான் ஹெர்ஷி எழுத்து எழுத்தாக எண்களில் எழுதிவைத்தார். லத்தீன், கிரேக்கம், சிரிலிக், ஜப்பானிய எழுத்துகள் வரை வரைந்தார். இன்றைக்கு லேசர் செய்வதும் இதே வேலை என்பதால் அவருடைய எழுத்துகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் 'ஹெர்ஷி டெக்ஸ்ட்' என்றே ஒரு கருவி உண்டு. ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் பழகியவர்களுக்கு எஸ்.எச்.எக்ஸ். எழுத்துருக்கள் தெரிந்திருக்கும், அவையும் இந்த வகைதான்.

சரி, வழக்கமான எழுத்துரு வகையான டி.டி.எஃப். கோப்பிலேயே ஒரு கோட்டை மட்டும் வைக்க முடியாதா? முடியாது. அந்த வகைக் கோப்பில் எந்தக் கோடும் திறந்து நிற்க அனுமதி இல்லை. முடிந்த இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்குத் தானாகவே மூடிவிடும். சிலர் போன வழியே கோட்டைத் திருப்பிக் கொண்டுவந்து மூடுகிறார்கள். பார்க்க ஒரு கோடுதான், ஆனால் லேசர் அதன்மேல் இரண்டு தடவை ஓடும். மரத்தில் அது இரண்டு மடங்கு கருகல். அதனால் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது எஸ்.வி.ஜி. எழுத்துருதான். இணைய உலாவிகள் அதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிவிட்டது என்றாலும் நம் வேலைக்கு அதுவே பொருத்தம். திறந்த கோட்டைத் திறந்தபடியே வைத்துக்கொள்ளும், ஹெர்ஷி டெக்ஸ்ட் கருவியும் அதைத்தான் படிக்கிறது.

எழுத்தை வரைவது

முதலில் எல்லோருக்கும் தோன்றும் குறுக்குவழி ஒன்று. தடித்த எழுத்தைக் கொடுத்து அதன் நடுக்கோட்டைக் கண்டுபிடிக்கச் சொல்வது. இங்க்ஸ்கேப்பில் அதற்கும் வசதி இருக்கிறது, நானும் செய்து பார்த்தேன். கோடுகள் கூடும் இடத்தில் எல்லாம் முள் மாதிரி ஒரு கிளை நீட்டிக்கொண்டு வந்தது, கோட்டின் நுனி இரண்டாகப் பிளந்தது. கிளைகளை வெட்டிச் சரி செய்யும் நேரத்தில் கையாலேயே வரைந்துவிடலாம்.

கையால் வரைவது என்றால் வெற்றுத்தாளில் ஆரம்பிக்க வேண்டியதில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி திறந்த உரிமத்தில் கிடைக்கும் எழுத்துரு ஒன்றைச் சாம்பல் நிறத்தில் அடியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். அதன் நடுவழியாகப் பேனாக் கருவியால் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். 'ட'வில் தொடங்குங்கள். கட்டத்தின் உயரம் 1000 என்று வைத்தால், (100, 600) என்ற புள்ளியிலிருந்து (100, 0) வரை இறங்கி, (600, 0) வரை வலப்பக்கம் போனால் ட வந்துவிட்டது. அங்கிருந்து (600, 600) வரை ஏறினால் ப. மூன்றே கோடு, பேனாவை ஒருமுறைகூடத் தூக்கவில்லை. எழுத்துருவின் கணக்கில் உயரம் கீழிருந்து மேலே கூடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அடுத்து ம. இடது கோடு இறங்கி, அடியில் வலப்பக்கம் ஓடி, மேலே ஏறி, உள்பக்கம் வளைந்து, மறுபடி அடிக்கோட்டுக்கு வந்து சேரும். வந்து சேரும் அந்த இடம்தான் சிக்கல். ஏற்கெனவே எரிந்த கோட்டின்மேல் லேசர் வந்து நின்று அணையும், அங்கே ஒரு கறுப்புக் கட்டி விழும். இதற்கு நான் கண்ட வழி, வளைவை அடிக்கோட்டுக்கு 0.1 மி.மீ. மேலேயே நிறுத்திவிடுவது. லேசர் முனையின் அகலமே ஏறக்குறைய அவ்வளவு இருப்பதால், கண்ணுக்குக் கோடு சேர்ந்தே தெரியும். க மாதிரி தண்டைக் கோடு வெட்டிக்கொண்டு போகும் எழுத்துகளில் இது செல்லாது. ஆனால் அங்கே லேசர் நிற்காமல் கடந்து போவதால் அவ்வளவாகத் தெரிவதும் இல்லை.

சுழிகளுக்கு வருவோம். ண, ன, ஞ, இ, ஐ இவற்றின் அழகே சுழியில்தான் இருக்கிறது, லேசரில் முதலில் கெடுவதும் சுழிதான். பிளைவுட்டில் ஒரு கோடு கருகி நிற்கும் அகலம் 0.25 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரையும் சுழியின் விட்டம் 0.5 மி.மீ. என்றால் உள்ளே மிஞ்சும் மரம் 0.25 மி.மீ. மட்டுமே. சூட்டில் அதுவும் கறுத்துவிடும். விட்டத்தை 0.8 மி.மீ. ஆக்கினால் உள்ளே அரை மில்லிமீட்டருக்கு மேல் வெளுப்பு நிற்கும், சுழி சுழியாகத் தெரியும். அச்சு எழுத்துருவில் இருப்பதைவிடச் சுழிகளைப் பெரிதாக, தாராளமாகப் போடுங்கள். ணவை அகலமாக்கத் தயங்க வேண்டாம். மூன்று சுழிக்கு இடம் வேண்டுமே.

இனி புள்ளி. பனையோலையில் எழுதிய காலத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமல் விடுவது வழக்கம், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். லேசரில் வரும் தொல்லை வேறு. நீளமே இல்லாத ஒரு புள்ளியை வரைந்தால் மென்பொருள் அதைக் கோடாகவே எடுத்துக்கொள்ளாமல் தாண்டிப் போய்விடும். அப்பம் அபபம ஆகிவிடும். அதனால் 0.4 மி.மீ. விட்டத்தில் ஒரு குட்டி வட்டமாகப் புள்ளியை வரைகிறேன். உள்ளே தானாகக் கருகி நிரம்பிக்கொள்ளும். சுழி நிரம்பக் கூடாது, புள்ளி நிரம்ப வேண்டும். இந்த இரண்டு அளவுகளையும் உங்கள் மரத்தில் சோதித்து ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கோட்டை வளைக்க எத்தனை கணுப் புள்ளிகள் வேண்டுமோ அதற்கு மேல் ஒன்றுகூட வைக்காதீர்கள். கணுக்கள் நெருங்கினால் இயந்திரம் தட்டுத் தடுமாறிப் போகும், அது தயங்கும் ஒவ்வோர் இடத்திலும் மரத்தில் ஒரு கரும்பொட்டு விழும்.

தமிழுக்கே உரிய சிக்கல்

ஆங்கிலத்துக்கு இவ்வளவோடு முடிந்தது. நமக்கு இனிமேல்தான் இருக்கிறது.

கோமதி என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் என்ற பொதுக் குறிமுறையில் கணினி இதைக் க, ோ, ம, த, ி என்ற வரிசையில் சேமிக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரிய வேண்டியது ே, க, ா என்ற வரிசை. கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் போக வேண்டும். வழக்கமான எழுத்துருக்களில் இந்த இடமாற்றத்தைச் செய்வதற்கென்று மென்பொருளுக்குள் ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஹெர்ஷி டெக்ஸ்ட்டுக்கு அந்த ஏற்பாடு கிடையாது. ஒரு நேரத்தில் ஒரு குறியை எடுக்கும், அதற்கான கோட்டைப் போடும், அடுத்ததற்குப் போகும். கோமதி என்று கொடுத்தால் க தனியாக நிற்க, கொம்பும் காலும் அதற்குப் பின்னால் போய் விழும். சிங்கப்பூரில் தமிழ் அறிவிப்புப் பலகைகளில் எழுத்துகள் இப்படிச் சிதறிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் காரணம் இதே மாதிரியான ஒன்றுதான்.

இந்தச் சிக்கல் நமக்குப் புதிதல்ல. எழுத்துக்கு எத்தனை இடம், எந்த இடத்தில் எது என்ற கேள்விக்காகத்தான் 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் 'தமிழ்நெட் 97' மாநாடு நடந்தது. அதை முன்னின்று நடத்தியவர் நா. கோவிந்தசாமி. இணையத்தில் தமிழ் ஏற வேண்டும் என்று கணியன் எழுத்துருவை உருவாக்கியவர், 1999இல் காலமாகிவிட்டார். ஒற்றைக்கோட்டு எழுத்துரு செய்ய உட்காரும்போது, அன்று அவர்கள் மேசைமேல் வைத்திருந்த கேள்வி அப்படியே நம் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது.

பதிலும் அந்த வழியிலேயே கிடைக்கிறது. கோ என்பதை இரண்டு குறியாகப் பார்க்காமல் ஒரே எழுத்தாக வைத்து, அதற்கு ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. யூனிகோடில் தனிப்பயன் பகுதி என்று 6,400 இடங்களை யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ள விட்டுவைத்திருக்கிறார்கள். டேஸ் 16 என்ற குறிமுறை அந்தப் பகுதியில்தான் தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இடம் தருகிறது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து இதையும் ஏற்றுக்கொண்டது. அதையே பின்பற்றுங்கள் என்பது என் யோசனை. சொந்தமாக எண் போட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும்.

அப்படியென்றால் 247 எழுத்தையும் வரைய வேண்டுமா? வேண்டாம். உயிர் 12, ஆய்தம் 1, அகர மெய் 18. பிறகு தனியாக நிற்கும் கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி, ஔகாரத்தின் பின்குறி, புள்ளி என்று 6. இவற்றை வைத்தே கா, கெ, கே, கை, கொ, கோ, கௌ, க் வரிசைகளை எல்லாம் ஒட்டிச் செய்துவிடலாம். கையால் வரைந்தே ஆக வேண்டியவை இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள், 72 எழுத்து. மொத்தம் 109. ஜ, ஷ, ஸ, ஹ, ஸ்ரீ பிறகு சேர்த்துக்கொள்ளலாம், இங்குள்ள பெயர்களுக்கு அவை கட்டாயம் வேண்டும்.

உகரத்துக்கு ஒரு பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். 18 எழுத்தும் 18 விதம் என்று பயப்பட வேண்டாம், மூன்று குடும்பம்தான். ஙு, சு, பு, யு, வு ஐந்தும் நேராகக் கீழே இறங்கும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் சுற்றி வளையும். ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழும் கீழே வளைந்து வலப்பக்கம் மேலே ஏறும். ஒரு குடும்பத்தில் ஒன்றைச் சரியாக வரைந்துவிட்டால் மற்றவற்றுக்கு அந்த வாலை எடுத்து ஒட்டித் திருத்தினால் போதும்.

இங்க்ஸ்கேப்பில் எழுத்துரு செய்வதற்கென்றே 'டைப்போகிராஃபி' என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் முதலில் தளத்தை அமைத்து, எழுத்துக்கு ஓர் அடுக்கு என்று சேர்த்து, வரைந்து, கடைசியில் எல்லா அடுக்குகளையும் எஸ்.வி.ஜி. எழுத்துருவாக மாற்றச் சொல்லலாம். வட்டம், சதுரம் எல்லாவற்றையும் பாதையாக மாற்றிவிட்டுச் செய்யுங்கள். ஒவ்வோர் எழுத்துக்கும் அகலத்தை நீங்களே சொல்ல வேண்டும். ஒரே அகலத்தை எல்லாவற்றுக்கும் வைத்தால் ரவுக்கும் ணவுக்கும் ஒரே இடம் கிடைத்து, பெயர் பல் விழுந்த மாதிரி இருக்கும். கோப்பு தயாரானதும், ஹெர்ஷி டெக்ஸ்ட்டில் வேறு எழுத்துரு என்பதைத் தேர்ந்தெடுத்து, கோப்பு இருக்கும் இடத்தைக் கொடுத்தால் முடிந்தது.

ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. நாம் தட்டச்சு செய்வது யூனிகோடில், எழுத்துரு இருப்பது தனிப்பயன் எண்களில். நடுவில் மாற்றித் தர ஒரு சின்ன நிரல் வேண்டும். பைத்தான் என்ற நிரல்மொழியில் இருபது முப்பது வரிக்குள் அடங்கிவிடும். நீளமானதை முதலில் மாற்ற வேண்டும் என்பதே இதில் முக்கியமான விதி. 'கோ'வையும் 'க்'கையும் மாற்றி முடித்த பிறகுதான் தனிக் 'க'வைத் தொட வேண்டும். சில கோப்புகளில் ோ என்பது ே, ா என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும், அதை முதலில் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். பெயர்ப் பட்டியல்களில் கௌரி என்பதைக் கெளரி என்று ள போட்டு அடித்திருப்பார்கள். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உங்கள் நிரலுக்கு இரண்டும் வேறு. பட்டியல் வந்ததும் இதைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

ஒரே ஒரு பெயர்தான் வெட்டப் போகிறீர்கள் என்றால் இவ்வளவும் தேவையில்லை. அந்தப் பெயரை மட்டும் நடுக்கோடாக வரைந்து ஓட்டிவிடுங்கள். பத்துப் பெயருக்கு மேல் போனால் எழுத்துரு செய்வதுதான் நியாயம்.

இயந்திரத்தில் ஓட்டும்போது

திருப்பங்களில் லேசர் வேகம் குறையும். அங்கேயும் அதே திறனில் எரிந்தால் ட, பவின் மூலைகள் கறுத்துப்போகும். ஜி.ஆர்.பி.எல். என்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் ஓடும் இயந்திரமாக இருந்தால், லேசரை எரியவைக்கும் எம்3 கட்டளைக்குப் பதிலாக எம்4 வையுங்கள். வேகம் குறையும்போது திறனும் சேர்ந்து குறையும். இது ஒன்றை மாற்றியதிலேயே என் எழுத்துகளின் மூலைகள் பாதிக்கு மேல் சுத்தமாகிவிட்டன. பி.வி.சி. பொருள்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் லேசரில் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் கலந்த புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும்.

மரத்தில் கோடு பழுப்பாகத் தானே தெரியும். கண்ணாடி மாதிரியான அக்ரிலிக்கில் அப்படித் தெரியாது. நீல டயோடு லேசர் அதன் வழியே அப்படியே கடந்து போய்விடும், கார்பன் டை ஆக்சைடு லேசர்தான் வேண்டும். அதிலும் கோடு வெளிறித்தான் விழும். தீபாவளிக்கு அக்ரிலிக்கில் வாசல் பெயர்ப்பலகை கேட்கிறவர்களுக்கு நான் செய்வது இது: பாதுகாப்புத் தாளை உரிக்காமல் அதன் மேலேயே வெட்டுகிறேன், கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை ஒரு துணியில் தொட்டுக் கோடுகளுக்குள் இறங்கும்படி தேய்க்கிறேன், காய்வதற்கு முன் ஈரத்துணியால் மேலாகத் துடைத்துவிட்டுத் தாளை உரிக்கிறேன். ஓலையில் எழுத்தாணியால் கீறி முடித்ததும் விளக்குக் கரியைத் தடவித் துடைப்பார்கள், கீறல்களில் மட்டும் கறுப்பு நிற்கும். மையாடுவது என்று அதற்குப் பெயர். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா பக்கம் போகும்போது ஒரு சின்ன டப்பா வண்ணம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பல பலகைகளுக்கு வரும்.